ஃபார்மேட் போட்டாச்சு, போதுமா?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியதிலிருந்து, பழைய மெஷினைத் தள்ளிவிடுவது பற்றிய கேள்விகள்தான் அதிகம் வருகின்றன. அவற்றில் சில இங்கே.

ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தேன். டி டிரைவையும் ஃபார்மேட் போட்டேன், ஒரே நிமிடத்தில் முடிந்தது. பழைய ஹார்ட் டிஸ்க்தான். இனி விற்கலாமா? – கும்பகோணம் வாசகி

ஒரே நிமிடத்தில் முடிந்ததால்தான் 'கூடாது' என்கிறேன். நீங்கள் போட்டது குயிக் ஃபார்மேட். வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றியிருக்கிறீர்கள், வீட்டுச் சாமான் அப்படியே கிடக்கிறது. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் மட்டும்தான் அழிந்திருக்கும். அழிந்த ஃபைலை மீட்கும் போட்டோரெக், ரெகுவா மாதிரி இலவச மென்பொருளை ஓடவிட்டால் ஆதார் ஸ்கேன், பேங்க் ஸ்டேட்மென்ட், கல்யாண போட்டோ எல்லாம் எழுந்து வரும்.

அமெரிக்காவில் எம்ஐடி மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் இருவரும் பழைய டிஸ்க்குகள் 158 வாங்கிச் சோதித்து, 2003-ல் ஆய்வு வெளியிட்டார்கள். 5,000-க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் அகப்பட்டன. ஒரு டிஸ்க் ஏடிஎம் எந்திரத்திலிருந்து வந்தது! 'ஃபார்மேட் போட்டாச்சு' என்று யாரோ நிம்மதியாக விற்ற டிஸ்க்குகளும் அவற்றில் நிறைய.

டி டிரைவுக்கு வழி சுலபம். ஃபார்மேட் பெட்டியில் 'குயிக் ஃபார்மேட்' டிக்கை எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே முழு ஃபார்மேட் எல்லா இடத்திலும் பூஜ்யத்தை எழுதிவிடுகிறது.

சி டிரைவை விண்டோஸுக்குள் இருந்துகொண்டே இப்படி அழிக்க முடியாது. விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும் பென்டிரைவில் பூட் செய்து, முதல் திரையில் ஷிஃப்டும் எஃப்10-ம் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரை வரும். அதில் 'டிஸ்க்பார்ட்', அடுத்து 'லிஸ்ட் டிஸ்க்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, ஒவ்வொன்றுக்கும் எண்டர் தட்டுங்கள். அங்கே அளவைப் பார்த்து உங்கள் டிஸ்க் எது என்று உறுதி செய்யுங்கள். பேக்கப் எடுத்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கை அதற்கு முன்பே கழற்றிவிடுவது உத்தமம். 'செலக்ட் டிஸ்க் 0' என்பதுபோல் உங்கள் டிஸ்க்கின் எண்ணைக் கொடுத்து, கடைசியாக 'கிளீன் ஆல்'. அந்த 'ஆல்' விட்டுப்போனால் மறுபடி பெயர்ப்பலகை மட்டும்தான் போகும்.

அதன்பின் திரையில் எதுவுமே நடக்காது. எத்தனை சதவீதம் முடிந்தது என்றுகூடக் காட்டாது, கர்சர் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். 'ஹேங் ஆகிவிட்டது' என்று பவரைப் பிடுங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிடுங்குகிறார்கள். 1 டிபி டிஸ்க்குக்கு இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும், சில சமயம் அதற்கு மேலும். காத்திருங்கள்.

என் லேப்டாப்பில் எஸ்எஸ்டி. டிபேன் மென்பொருளில் 35 தடவை அழிக்கும் முறையைப் போடச் சொல்கிறான் நண்பன். – கல்லூரி மாணவர், திருநெல்வேலி

வேண்டாம். 35 என்ற கணக்கு, கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் கட்மன் 1996-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அன்றைய பலவகை டிஸ்க்குகளுக்கும் சேர்த்துப் போட்ட பட்டியல் அது. எந்த ஒரு டிஸ்க்குக்கும் 35-ஐயும் ஓட்டுவதில் அர்த்தமில்லை என்று அவரே பின்னர் எழுதிவிட்டார். இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு தடவை போதும்.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே தகவலை வைக்கும் எஸ்எஸ்டியின் கதையே வேறு. ஒரே இடம் தேய்ந்துவிடக் கூடாது என்று, நீங்கள் 'இங்கே எழுது' என்றாலும் உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் வேறு இடத்தில் எழுதும். கண்ணுக்குக் காட்டாத உபரி இடமும் வைத்திருக்கும். மேலே மேலே எழுதும் மென்பொருள் அங்கெல்லாம் போகாது. டிபேன் எஸ்எஸ்டிக்கானது அல்ல என்று அதைத் தருகிறவர்களே சொல்கிறார்கள். 'மொத்தத்தையும் அழி' என்று கன்ட்ரோலருக்கே உத்தரவு போடும் செக்யூர் இரேஸ்தான் சரி. டெல் லேப்டாப்களில் பயாஸிலேயே (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் செட்டிங்ஸ் திரை) 'டேட்டா வைப்', எச்பியில் 'செக்யூர் இரேஸ்' என்று இருக்கும், எல்லா மாடலிலும் அல்ல. இல்லாவிட்டால் எஸ்எஸ்டி கம்பெனியே தரும் மென்பொருள் உண்டு: சாம்சங் என்றால் மெஜிஷியன், குரூஷியல் என்றால் ஸ்டோரேஜ் எக்ஸிக்யூட்டிவ். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

எதுவென்றே தெரியாதவர்கள் டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபாமன்ஸ்' பக்கம் போனால், டிஸ்க் பெயருக்குக் கீழே எச்டிடியா (ஹார்ட் டிஸ்க்) எஸ்எஸ்டியா என்று எழுதியிருக்கும்.

இந்தக் கறுப்புத் திரை வேலையெல்லாம் எனக்கு வராது. விண்டோஸ் 11-ல் சுலப வழி? – ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு

இருக்கிறது, ஐயா. செட்டிங்ஸில், டிஸ்க்கில் உள்ளதைச் சங்கேதமாக்கிப் பூட்டும் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' ஆனில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஆன் செய்து, முடியும்வரை விடுங்கள். பிறகு 'ரீசெட் பிசி', 'ரிமூவ் எவ்ரிதிங்'. அடுத்த திரையில் 'சேஞ்ச் செட்டிங்ஸ்' என்று சின்னதாக ஒரு வரி இருக்கும், அதற்குள் 'கிளீன் டேட்டா'வை 'யெஸ்' ஆக்குங்கள். பலரும் கவனிக்காமல் தாண்டிப்போவது அந்தச் சின்ன வரியைத்தான். சார்ஜர் சொருகியே இருக்கட்டும்.

ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரர், 'நாங்களே அழித்துக்கொள்கிறோம்' என்கிறார். நம்பலாமா? – சென்னை

அவர் நல்லவராகவே இருக்கட்டும். டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு மெஷினை மட்டும் கொடுங்கள். விலை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

லேப்டாப் ஆன் ஆகவே இல்லை. அப்படியே காயலான் கடைக்குப் போடலாமா? – மதுரை

போர்டு செத்திருக்கலாம், டிஸ்க் உயிரோடு இருக்கும். கழற்றி, யுஎஸ்பி கேஸில் போட்டு இன்னொரு கம்ப்யூட்டரில் அழியுங்கள். டிஸ்க்கே செத்திருந்தால் டிரில்லால் தட்டு வழியாக நாலைந்து ஓட்டை போடுங்கள். லேப்டாப் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி. சிதறும், கண்ணுக்குக் கவசம் கட்டாயம். எஸ்எஸ்டியில் கறுப்பு சிப் ஒவ்வொன்றும் உடைய வேண்டும், பலகையை இரண்டாக ஒடித்தால் மட்டும் போதாது. மிச்சத்தை இ-கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

ஆடிட்டர் ஆபீஸ் நடத்துகிறேன். ஐந்து கம்ப்யூட்டரை விற்கிறேன். கூடுதலாக என்ன கவனிக்க வேண்டும்? – கோவை

டாலி டேட்டாவைப் பேக்கப் எடுத்து, அது திறக்கிறதா என்று வேறு மெஷினில் பார்த்த பிறகே அழியுங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் யுஎஸ்பி போர்ட்டிலேயே மாட்டியிருக்கும், அதோடு விற்றுவிடாதீர்கள். கூகுள் கணக்கிலும் வாட்ஸ்ஆப் 'லிங்க்டு டிவைசஸ்' பட்டியலிலும் அந்த மெஷின்களை நீக்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: மூலையில் நிற்கும் ஜெராக்ஸ் மெஷின். பெரிய மாடல்களில் ஹார்ட் டிஸ்க் உண்டு, நகலெடுத்ததெல்லாம் அதில் தங்கக்கூடும். லீசுக்கு எடுத்த மெஷின்களின் டிஸ்க்கை அழிக்காமல் திருப்பிக் கொடுத்த நியூயார்க்கின் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனம், 2013-ல் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. மெஷினைத் திருப்பித் தரும்போது, டிஸ்க்கை அழித்ததாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை ஹார்ட் டிஸ்க் மேல் தேய்த்தால் அழியுமா? – தஞ்சாவூர்

அழியாது. அதற்கென்றே இருக்கும் டீகாஸர் எந்திரத்தின் காந்தம் பலமடங்கு வலுவானது. எஸ்எஸ்டிக்கு அதுவும் உதவாது. அதில் தகவல் காந்தமாகப் பதிவதே இல்லை.