ஆண்ட்ரோமீடாவைப் பார்த்த பிறகு வேண்டிக்கொள்ள வரவில்லை: பதில்

டெலஸ்கோப்பில் ஆண்ட்ரோமீடா என்ற கேலக்ஸியைப் (விண்மீன் மண்டலத்தை) பார்த்ததிலிருந்து, இவ்வளவு பெரிய பிரபஞ்சத்தில் அம்மாவின் ஆபரேஷனுக்காகச் சாமியிடம் வேண்டிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நியாயமான கூச்சம்தான், நீங்கள் பார்த்த ஒளி கிளம்பியே சுமார் 25 லட்சம் ஆண்டுகள் ஆகிவிட்டன.

ஆனால் இந்தப் பிரமிப்பு டெலஸ்கோப்போடு வந்ததல்ல. திருவாசகத்தில் திருவண்டப் பகுதியை எடுத்துப் பாருங்கள். நூற்றொரு கோடிக்கும் மேலாக விரிந்த அண்டங்கள், வீட்டுக்குள் நுழையும் வெயிலில் மிதக்கும் தூசு மாதிரி சிவன்முன் சிறுத்துப்போகின்றன என்கிறார் மாணிக்கவாசகர். அதே மனிதர்தான் திருவாசகத்தின் சிவபுராணப் பகுதியில் 'தாயிற் சிறந்த தயாவான தத்துவனே' என்று கூப்பிடுகிறார். காது கேட்காத தூரத்தில் இருப்பவனை யாராவது அப்படி அழைப்பார்களா?

பெரிய இடத்தில் சின்ன விஷயம் எடுபடாது என்பது நம் ஆபீஸ் அனுபவம். அதை அவன்மேல் ஏற்றாதீர்கள். ஆபரேஷன் எப்படி முடியும் என்பதற்கு இது பதிலில்லை, சரி. வேண்டிக்கொள்வதற்கு இது தடையும் இல்லை.