ஐந்து நாள் பயிற்சியா, சாவிக்கடை வேலையா?

கேள்வி: எனக்கு 24 வயது. மலேசியாவில் பினாங்கு மாநிலத்துப் பிறையில் இருக்கிறேன், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பூட்டு, சாவித் தொழில் கற்றுக்கொள்ள ரொம்ப ஆசை. ஆன்லைனில் பிக் செட்டும் (சாவி இல்லாமல் பூட்டைத் திறக்கும் கம்பிகள்) உள்ளே எல்லாம் தெரிகிற கண்ணாடிப் பூட்டும் வாங்கிப் பழகினேன். அது சுலபமாகத் திறந்துவிடுகிறது, வீட்டு கிரில் கேட் பூட்டோ அசையவே மாட்டேன் என்கிறது. கோலாலம்பூரில் ஐந்து நாள் பயிற்சி, சான்றிதழோடு 4,500 வெள்ளி என்கிறார்கள். அப்பாவுக்குத் தெரிந்த சீனர் ஒருவர் ஜெலுத்தோங்கில் சாவிக்கடை வைத்திருக்கிறார், வரச் சொல்கிறார், ஆனால் "முதலில் சாவி வெட்டு, மற்றதெல்லாம் அப்புறம்" என்கிறார். அம்மாவுக்கோ "பூட்டைத் திறக்கிற வேலை என்றால் நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்று கவலை. நான் என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, ஜெலுத்தோங் கடைக்குப் போங்கள். 4,500 வெள்ளி இப்போதைக்கு வங்கியிலேயே இருக்கட்டும். பயிற்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை, அதற்கு ஒரு நேரம் வரும். நானும் இதே தொழிலில் இருப்பவன், வந்து போன பையன்களைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஐந்து நாள் வகுப்பில் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், ஆறாவது நாள் யாரோ ஒருவருடைய வாசலில் தனியாக நிற்கும்போதுதான் தலைக்குப் போனது கைக்கு வரவில்லை என்று தெரியும், அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று "அழுத்தாதே, விடு" என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். ஜெலுத்தோங் தவுக்கே (கடை முதலாளி) கடையில் அந்த ஆள் இருக்கிறார்.

சாவி வெட்டச் சொல்கிறாரே என்று குறைவாக நினைக்காதீர்கள். பல பூட்டுகளில் சாவியின் ஒரு வெட்டுக்கும் அடுத்த ஆழத்துக்கும் அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான் வித்தியாசம். சாவியை மெஷினில் பிடிக்கும்போது அதன் தோள் பகுதி சரியாக உட்காரவில்லை என்றால் எல்லா வெட்டும் மொத்தமாக நகர்ந்துவிடும். ஏற்கெனவே தேய்ந்த சாவியிலிருந்து நகல், அந்த நகலிலிருந்து இன்னொரு நகல் என்று போனால் ஒவ்வொரு முறையும் பிழை கூடிக்கொண்டே போகும். "வீட்டில் போட்டால் மாட்டுகிறது" என்று சாவியோடு திரும்பி வருகிறவரைப் பார்த்து, கோளாறு சாவியிலா, பூட்டிலா, பிசிறைச் சரியாகத் தேய்க்காததிலா என்று கண்டுபிடிக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் தொழில். பினாங்கில் கடல் காற்று வேறு. வெளி கேட்டில் தொங்கும் பூட்டில் பின்கள் (சாவியின் வெட்டுக்கு ஏற்ப மேலும் கீழும் போகும் சின்ன உலோகத் துண்டுகள்) உப்பேறி நின்றுவிடும், ஆட்கள் சமையல் எண்ணெயை ஊற்றி வைத்திருப்பார்கள், அது தூசியோடு சேர்ந்து களியாகி உள்ளே அடைத்திருக்கும். அதைச் சுத்தம் செய்து கிராஃபைட் தூள் போட்டால் பாதிப் பூட்டுகள் மாற்றாமலே வேலை செய்யும். சுவரில் தொங்கும் நூற்றுக்கணக்கான வெட்டாத சாவிகளில் எது எந்தப் பூட்டுக்கு என்று பார்த்ததும் கை போய் எடுப்பதும் அங்கே நின்றால்தான் வரும்.

சரி, உங்கள் கிரில் பூட்டு ஏன் அசையவில்லை? கண்ணாடிப் பூட்டில் உங்கள் கண்தான் பழகியது, விரல் பழகவில்லை. இப்படிப் பின்கள் உள்ள பூட்டைப் பிக் வைத்துத் திறக்க முடிவதற்கே காரணம், உள்ளே அந்தப் பின்கள் இருக்கும் துளைகள் நூல் பிடித்தாற்போல் ஒரே கோட்டில் இருப்பதில்லை என்பதுதான். டென்ஷன் கம்பியால், அதாவது சாவித் துளையில் வைக்கும் வளைந்த கம்பியால், சாவி போகும் உள் உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்தால் எல்லாப் பின்னும் ஒரே நேரத்தில் இறுகாது, ஏதோ ஒன்று முதலில் இறுகும். அதைத் தேடி மேலே தள்ளினால் சின்னதாக ஒரு 'டிக்', உருளை மயிரிழை நகரும், உடனே வேறொரு பின் இறுகும். புதிதாகப் பழகுகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே கம்பியை அதிகமாக அழுத்துகிறார்கள், அப்போது எல்லாப் பின்னும் சேர்ந்து இறுகி எது எது என்றே தெரியாது. பேனாவால் எழுதும்போது விரல் தரும் அழுத்தம் போதும். நல்ல பூட்டுகளில் நடுவில் இடுப்பு ஒடுங்கிய பின்களையும் போட்டிருப்பார்கள், அதில் உருளை கொஞ்சம் திரும்பித் திறந்துவிட்டது போலக் காட்டி நின்றுவிடும். அங்கே அழுத்தத்தைக் கூட்டக் கூடாது, மெதுவாக விட்டுக்கொடுக்க வேண்டும்.

இன்றிலிருந்து வீட்டு கிரில் பூட்டைத் தொடாதீர்கள். புழக்கத்தில் இருக்கும் பூட்டில் பழகி உள்ளே ஏதாவது ஒடிந்தால் வீட்டில் எல்லாரும் வாசலில்தான் நிற்க வேண்டும். ஹார்ட்வேர் கடையில் ஒரு பக்கம் மட்டும் சாவி போடுகிற, மலிவான ஐந்து பின் சிலிண்டர் (கதவுப் பூட்டில் சாவி போடும் பகுதி) ஒன்று வாங்குங்கள். பின்பக்கத்துக் கிளிப்பைக் கழற்றி, சாவியைப் போட்டு லேசாகத் திருப்பி, உள் உருளையைத் தள்ளும்போது அதே தடிமனில் ஒரு மரக்குச்சியை அதன் பின்னாலேயே இடைவெளி விடாமல் செலுத்துங்கள். இடைவெளி விட்டால் மேல் பின்னும் ஸ்பிரிங்கும் தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போய்விடும். பின்களை வரிசை மாறாமல் ஒரு துணியில் எடுத்து வையுங்கள். பிறகு ஒரே ஒரு பின்னை மட்டும் போட்டு மூடித் திறந்து பழகுங்கள், அப்புறம் இரண்டு, அப்புறம் மூன்று. கையில் எடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். லைனஸ் யேல் ஜூனியர் 1861இலும் 1865இலும் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்றைக்கும் பெரும்பாலான வீட்டுச் சிலிண்டர்களில் இருக்கிறது, அதனால் ஒன்றைப் பிரித்துப் பொருத்தத் தெரிந்தால் நிறையப் பூட்டுகள் புரிந்துவிடும்.

அம்மாவின் கவலையை ஒதுக்கித் தள்ளாதீர்கள், அதில் நியாயம் இருக்கிறது. கதவைத் திறந்துவிடுவதற்கு முன்னால் யாருக்குத் திறக்கிறோம் என்று கேட்பதுதான் இந்த வேலையில் பெரிய பகுதி. மைகாட் அடையாள அட்டையை வாங்கிப் பாருங்கள், அதில் முகவரி வேறாக இருந்தால் தண்ணீர் பில்லோ மின்சார பில்லோ கேளுங்கள், வாடகைக்கு இருப்பவர் என்றால் வீட்டுக்காரருக்குப் போன் போடுங்கள், கொண்டோ அடுக்குமாடி என்றால் காவலாளியை வைத்துக்கொண்டே திறங்கள், எல்லாவற்றையும் ஒரு புத்தகத்தில் எழுதி வையுங்கள். "வாடகை பாக்கி, அவன் இல்லாத நேரம் பூட்டை மாற்றிக் கொடு" என்று வீட்டுக்காரர்கள் கூப்பிடுவார்கள், போகாதீர்கள். குத்தகை முடிந்த பிறகும் காலி செய்யாதவரைக்கூட நீதிமன்றம் வழியாகத்தான் வெளியேற்ற வேண்டும் என்று மலேசியாவின் 1950ஆம் ஆண்டுக் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் (Specific Relief Act) பிரிவு 7(2) சொல்கிறது. இரவில் கைக்குழந்தையோடு வெளியே மாட்டிக்கொண்டவருக்குக் கதவைத் திறந்து கொடுக்கிற வேலை இது. அம்மாவை ஒரு நாள் கடைக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள், அவரே புரிந்துகொள்வார்.

பயிற்சிக்கு எப்போது போகலாம்? சாவி வெட்டுவதும் சிலிண்டர் மாற்றுவதும் கைக்கு வந்த பிறகு, கார் சாவிக்காகப் போங்கள். இப்போதைய கார் சாவிகளுக்குள் சிப் இருக்கும், வெட்டினால் மட்டும் போதாது, வண்டியோடு பதிய வைக்க வேண்டும், தவறினால் வண்டி கிளம்பாது. அதை நாமே தடவித் தடவிக் கற்றுக்கொள்வது அடுத்தவர் வண்டியில் விளையாடுவது போலாகிவிடும். டிஜிட்டல் பூட்டுக்கும் அப்படித்தான். (பேட்டரி தீர்ந்த டிஜிட்டல் பூட்டுகள் பலவற்றில் அடியில் இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும், அங்கே ஒரு 9 வோல்ட் பேட்டரியை வைத்தால் உயிர் வந்துவிடும். இது தெரியாமல் துளை போட்டுப் பணம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.) பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்: ஒரு மெஷினுக்கு எத்தனை பேர், நான் கையால் எத்தனை மணி நேரம் செய்வேன், முடிந்த பிறகு சந்தேகம் வந்தால் கூப்பிடலாமா, சான்றிதழ் திறன் மேம்பாட்டுத் துறையான ஜேபிகே அங்கீகரித்ததா, இல்லை நீங்களே அச்சடிப்பதா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

தொழிற்சாலை வேலையை இப்போதே விடாதீர்கள். ஓய்வு நாட்களில் கடைக்கு வருகிறேன் என்று தவுக்கேயிடம் கேளுங்கள், சம்பளம் பேசுவது அப்புறம். தனியாகத் தொழில் செய்யும் நாள் வந்தால் நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிவு செய்ய, சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் என்றால் 60 வெள்ளி, அது பெரிய விஷயமே இல்லை. அதுவரை அந்தப் பிக் செட்டை மோட்டார் சைக்கிளில் போட்டுக்கொண்டு சுற்றாதீர்கள். ராத்திரி ரோட் பிளாக்கில் போலீஸ் நிறுத்தி இது எதற்கு என்று கேட்டால், காட்டுவதற்கு உங்களிடம் இன்னும் கடையும் இல்லை, பூட்டுத் தொழிலில் வேலையும் இல்லை. அது வீட்டு அலமாரியிலேயே இருக்கட்டும்.