கடல் பக்கத்தில்தானே, தண்ணீர் மொண்டு வரலாமா?

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில் வீடு. உப்புநீர் மீன் தொட்டி வைக்கப் போகிறேன். கடல் தண்ணீரையே குடத்தில் கொண்டுவந்து ஊற்றினால் செலவு மிச்சம்தானே?

பதில்: செலவு மிச்சம்தான், மீன்தான் மிஞ்சாது. கெடிலமும் தென்பெண்ணையும் கடலூரை ஒட்டித்தான் கடலில் கலக்கின்றன. சிப்காட் ஆலைகளை ஒட்டி ஓடும் உப்பனாறும் அங்கேதான் வந்து சேருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோரத் தண்ணீரில் உப்பு எவ்வளவு குறையும் என்று பார்க்க ஒரு ஹைட்ரோமீட்டர் போதும். பவளப்பாறை மீனுக்கு அதில் 1.025 அளவு காட்ட வேண்டும், அதுவும் நாளுக்கு நாள் ஏறி இறங்காமல். மீன் தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்பை வாங்கி, ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் கரையுங்கள். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி என்றால் 190 லிட்டர், உப்பு ஆறரை கிலோ ஆகும். இதைவிடச் சின்னத் தொட்டி வேண்டாம், தண்ணீர் குறைவாக இருந்தால் கெடுவதும் சீக்கிரம்.

அப்புறம், மரக்காணம் கல்லுப்பு போடலாமா என்றும் கேட்பீர்கள். கூடாது. உப்பளத்தில் உப்பு விளையும்போது கால்சியம் முன்னாலேயே படிந்துவிடும், மக்னீசியம் மிச்சத் தண்ணீரோடு வெளியே போய்விடும். கைக்கு வருவது சாம்பாருக்குத்தான் சரி.

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். தொட்டி நிரப்பிய நாலாம் நாள் ஆறு மீன் விட்டேன், ஒன்றுகூட மிஞ்சவில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்ததே?

பதில்: அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது. மீன் கழிவிலும் மிச்சத் தீனியிலும் வருவது அது. அதை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்ற இரண்டு வகை பாக்டீரியா பெருக வேண்டும், அதற்கு 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீனே இல்லாமல், ஃபில்டரையும் ஏர் பம்பையும் ஓடவிட்டு, உள்ளே ஒரு துண்டு இறாலை அழுகவிடுங்கள் (வீட்டில் மூக்கைப் பிடிப்பார்கள், பரவாயில்லை). டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, இறங்கி, இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகு இரண்டே இரண்டு கோமாளி மீன். கடையில் நீமோ என்று கேட்டால் தருவார்கள். பண்ணையில் பொரித்த குஞ்சாகக் கேட்டு வாங்குங்கள், கடலில் பிடித்ததைவிட அது தொட்டிக்குச் சீக்கிரம் பழகும், தீனியும் எடுக்கும். கடலில் அது ஒண்டி வாழும் கடல் சாமந்தி என்ற உயிரி இல்லாமலும் தொட்டியில் நன்றாகவே வாழும். ஆறு மீனை ஒரே நாளில் கட்டிக்கொடுத்த கடைக்காரர் மேல் எனக்கும் கோபம்தான்.

தண்ணீர் வற்றினால் வெறும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள், ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு எடுத்துவிட்டு, அதற்கு மட்டும் புது உப்புத் தண்ணீர்.

கேள்வி: ராமேஸ்வரம் போகிறோம், ஒரு பவளத் துண்டு எடுத்து வந்து தொட்டியில் வைக்கலாமா?

பதில்: தொடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், கடல்குதிரைக்கும் அதே சட்டம்தான்.

கேள்வி: எங்கள் ஊர் வெயிலுக்கும் கரண்ட் கட்டுக்கும் இதெல்லாம் தாங்குமா?

பதில்: தண்ணீர் 25, 26 டிகிரியில் இருந்தால் நல்லது. மே மாதம் அது தானாக 30-ஐத் தாண்டும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் விலை தொட்டி விலையைவிட அதிகம், அதனால் முதலில் மூடியைத் திறந்துவிட்டு ஒரு சின்ன ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பில் வீச விடுங்கள், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தண்ணீர் வேகமாக வற்றும், அதைத் தினமும் ஈடுகட்ட வேண்டும். அதுவும் போதாவிட்டால் சில்லர்தான். கரண்ட் விஷயத்தில், 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது நாள்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர் நம்முடையது, பேட்டரி ஏர் பம்ப் ஒன்று இல்லாமல் தொட்டியே வாங்காதீர்கள். கரண்ட் இல்லாதபோது தீனி போடவும் வேண்டாம். கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா ஃபில்டர்) பல மணி நேரம் நின்றுபோயிருந்தால், உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டி அலசிவிட்டுத்தான் திரும்ப ஓடவிட வேண்டும்.