முக்கால் நொடி மௌனம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பன்னிரண்டு பேர் கொண்ட குழுவை நடத்துகிறேன். முன்பு ஒரே அறையில் இருந்தோம். இப்போது எல்லாம் வீடியோ அழைப்பில்தான். நான் ஒன்று கேட்டால் உடனே பதில் வருவதில்லை, ஒரு தயக்கம் தெரிகிறது. "வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமா?" என்றால் "டெஸ்ட் ரிப்போர்ட் இன்னும் வரலையே" என்று சுற்றி வளைக்கிறார்கள். "சரி" என்று சொல்லிவிட்டு வேறு எதையோ செய்து வைக்கிறார்கள். இத்தனைக்கும் "புரிஞ்சுதா?" என்று கேட்காமல் நான் கூட்டத்தை முடிப்பதே இல்லை. பேச்சில் 93 சதவீதம் குரலும் உடல்மொழியும்தான், சொல் வெறும் 7 சதவீதம் என்று ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டேன். திரையில் உடல்மொழி போய்விட்டதுதான் காரணமா? அல்லது இவர்களுக்கு ஆர்வமே போய்விட்டதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த 93ஐ முதலில் தூக்கிப் போட்டுவிடுவோம். உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துச் செய்த எண் அது. ஒன்றில் ஒலிப்பதிவு செய்த தனிச்சொற்கள். மற்றதில் ஒரே ஒரு சொல், கூடவே முகப் படங்கள். பேசுகிறவருக்கு எதிரே இருப்பவரைப் பிடித்திருக்கிறதா, பிடிக்கவில்லையா என்பது மட்டுமே அங்கே கேள்வி. வெள்ளிக்கிழமைக்குள் வேலை முடியுமா என்பதைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது. அது எல்லாப் பேச்சுக்கும் பொருந்துமென்றால், தெரியாத மொழிப் படம் நமக்கு முக்கால்வாசி புரிந்திருக்க வேண்டும்.

உங்கள் கூட்டத்தில் காணாமல் போனது நேரம். அதுவும் நொடிக்கும் குறைவான நேரம்.

ஒருவர் கேட்டு முடிப்பதற்கும் மற்றவர் பதில் தொடங்குவதற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று 10 மொழிகளில் அளந்து 2009இல் ஓர் ஆய்வு வந்தது. தமிழ் அதில் இல்லை. சராசரி ஏறத்தாழ 200 மில்லிநொடி, அதாவது நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே மூளைக்கு 600 மில்லிநொடி வேண்டும். ஆகவே நாம் கேட்டு முடிக்கும் முன்பே எதிராளி பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறார். (தமிழ்போலவே வினைச்சொல்லும் வினாக் குறியும் வாக்கியத்தின் கடைசியில் வரும் ஜப்பானியத்தில்தான் இடைவெளி மிகக் குறைவு, வெறும் 7 மில்லிநொடி. கேட்பவர் வாக்கியத்தின் முடிவை எந்த அளவு முன்கூட்டி ஊகிக்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.)

இந்த ஒழுங்கு இவ்வளவு நுணுக்கமாக இருப்பதால்தான் தாமதத்துக்குப் பொருள் வந்துவிடுகிறது. "ஆமாம்" சட்டென்று வரும், "முடியாது" தயங்கி வரும். ஆங்கில உரையாடல்களை அளந்தபோது, சுமார் 700 மில்லிநொடியைத் தாண்டி வந்த பதில்களில் மறுப்பு வகையே மிகுதி. முக்கால் நொடி மௌனம் கேட்டதுமே "இவனுக்கு இஷ்டமில்லை" என்று மனம் முடிவு கட்டுவது இதனால்தான்.

இனி உங்கள் அழைப்புக்கு வருவோம். குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக 300 மில்லிநொடி ஆகிறது என்று வையுங்கள். உங்கள் கேள்வி போக 300, அவர் பதில் திரும்ப 300. அவருடைய இயல்பான 200ஐயும் சேர்த்தால் உங்கள் காதில் விழும் மௌனம் 800. அவர் உடனே பதில் சொன்னதாகவே நினைக்கிறார், உங்களுக்கோ தயக்கம் கேட்கிறது. தொலைபேசித் தடங்களுக்கான சர்வதேசப் பரிந்துரை, ஒருவழித் தாமதம் 150க்குள் இருந்தால் நல்லது, 400ஐத் தாண்டவே கூடாது என்கிறது. ப்ளூடூத் ஹெட்செட்டும் மியூட்டை எடுக்கும் நேரமும் இதன்மேல் கூடும்.

உங்கள் தாமதத்தை நீங்களே அளக்கலாம். இரண்டு பேர் மாறி மாறி 1 முதல் 20 வரை எண்ணுங்கள். நீங்கள் 1 சொல்லித் தொடங்க, அவர் 20 சொல்லி முடிக்க வேண்டும். நேரில் ஒரு முறை, அழைப்பில் ஒரு முறை, அதே வேகத்தில். கூடுதலாக ஆன நேரத்தைப் பத்தால் வகுத்தால் போய்வரும் தாமதம் தோராயமாகக் கிடைக்கும். நேரில் 10 நொடி, அழைப்பில் 16 நொடி என்றால் 0.6 நொடி.

தாமதத்தைவிட, அதைக் கேட்டு நாம் செய்வதுதான் ஆபத்து. "வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமா?" என்கிறீர்கள். மௌனம். பொறுக்கமாட்டாமல் "இல்ல, கஷ்டமா இருக்குமோ?" என்று கேள்வியைத் திருப்பிப் போடுகிறீர்கள். முதல் கேள்விக்கு ஆமோதிப்பு "முடியும்". இரண்டாவதற்கு ஆமோதிப்பு "ஆமா, கொஞ்சம் கஷ்டம்தான்". மனிதர்கள் ஆமோதிக்கும் பக்கமே சாய்வார்கள். "முடியும்" என்று சொல்ல வாயெடுத்தவரை நீங்களே மறுக்க வைத்துவிட்டீர்கள். கேட்டால், ஒரே கேள்வியாகக் கேட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருப்பது ஒரு நொடி அளவே என்றும், அதை மூன்று நொடி ஆக்கினால் பதில்கள் நீள்கின்றன என்றும் 1970களிலேயே காட்டினார்.

"டெஸ்ட் ரிப்போர்ட் இன்னும் வரலையே" என்பதைச் சுற்றி வளைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதை விடையாகவே எடுத்துக்கொள்வேன். பள்ளியில் படித்த நன்னூலின் எட்டு விடைகளை நினைவுபடுத்திப் பாருங்கள்: சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. "விளையாடுவாயா?" என்றதற்குக் "கால் வலிக்கிறது" என்பது உற்றது உரைத்தல். கடைசி ஐந்தும் நேரடியாக இல்லாவிட்டாலும் விடைப் பொருளைத் தருவனவே என்பது நூற்பாவின் தீர்ப்பு. சொல்லாததைக் கேட்பவர் எப்படி வருவித்துக்கொள்கிறார் என்று தத்துவ அறிஞர் பால் கிரைஸ் ஹார்வர்டில் விரிவுரையாற்றியது அதற்குப் பல நூற்றாண்டு கழித்து, 1967இல்தான். உங்கள் ஆள் "முடியாது" என்பதைக் காரணத்தோடு சொல்லியிருக்கிறார். அடுத்து நீங்கள் கேட்க வேண்டியது "ரிப்போர்ட் எப்போ வரும்?"

"சரி" என்ற சொல்லில் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. அது இரண்டு வேலை பார்க்கிறது. நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது இடையில் விழும் "சரி", "ம்ம்" போன்றதுதான்: காது கொடுத்திருக்கிறேன், மேலே சொல்லுங்கள். பேசி முடித்த பிறகு வருவது ஒப்புதலாக இருக்கலாம். அழைப்பின் தாமதத்தில் முதல் வகை "சரி" நகர்ந்து, உங்கள் வாக்கியத்தின் முடிவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நீங்கள் அதை ஒப்புதலாகக் கணக்கு வைக்கிறீர்கள்.

"புரிஞ்சுதா?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். பதினோரு பேர் முன்னால் அதற்கு ஒரே பதில்தான் உண்டு. மேலும், புரியவில்லை என்பது தெரிந்தால்தானே ஒருவர் சொல்ல முடியும்? தவறாகப் புரிந்துகொண்டவர் மனமார "புரிஞ்சுது" என்பார். அதற்குப் பதில் "இதில் முதல்ல எதைக் கையில எடுக்கப்போறீங்க?" என்று ஒருவரைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். தவறு அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். பெயரைக் கேள்வியின் தொடக்கத்தில் சொல்லுங்கள். கடைசியில் சொன்னால், தன்னைத்தான் கேட்கிறார்கள் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும், மியூட்டைத் தேடுவார்.

முடிக்கும்போது கேட்கும் கேள்வியின் வடிவமும் முக்கியம். "வேற ஒண்ணும் இல்லையே?" என்பது கதவைச் சாத்திவிட்டுக் கேட்பது. "வேற ஏதாவது இருக்கா?" அரைக் கதவு. "வேற என்னென்ன இருக்கு?" என்பதில் ஏதோ இருக்கிறது என்று நீங்களே ஏற்றுக்கொண்டாயிற்று. ஆங்கிலத்தில் இதற்கு நிகரான ஒரு சோதனையை சமூகவியலாளர் ஜான் ஹெரிட்டேஜ் குழுவினர் மருத்துவர்களை வைத்து நடத்தி 2007இல் வெளியிட்டார்கள். கேள்வியில் ஒரே ஒரு சொல்லை, இல்லாமைப் பக்கம் சாயும் "anything" என்பதிலிருந்து இருப்பின் பக்கம் சாயும் "something" என்று மாற்றியதில், நோயாளிகள் சொல்லாமலே எழுந்து போகும் குறைகள் 78 சதவீதம் குறைந்தன. சந்திப்பின் நேரமும் கூடவில்லை.

இன்னொரு அளவுகோல். 12 மொழிகளின் இயல்பான பேச்சை ஆராய்ந்து 2015இல் வந்த ஆய்வின்படி, சராசரியாக 1.4 நிமிடத்துக்கு ஒரு முறை யாராவது "என்னது?", "யாரு?", "வியாழனா சொன்னீங்க?" என்று குறுக்கிட்டுச் சரிபார்க்கிறார்கள். அரட்டைக்கான கணக்கு அது, அலுவல் கூட்டத்தில் குறையத்தான் செய்யும். ஆனால் ஒரு மணி நேரத்தில் ஒன்றுகூட வரவில்லை என்றால், எல்லாம் தெளிவாக இருப்பதாக நான் நம்பமாட்டேன். முதல் "என்னது?" வந்ததும் நீங்கள் சொன்னதையே உரக்கச் சொல்வீர்கள் என்றால் இரண்டாவது வராது. "எந்த இடத்தில் விட்டுப்போச்சு?" என்று கேளுங்கள். "வியாழனா சொன்னீங்க?" வகைக் கேள்வி கேட்டவரிடம் எதையும் திருப்பிச் சொல்லத் தேவையில்லை, "ஆமா, வியாழன்" போதும்.

ஆர்வம் போய்விட்டதா என்ற கேள்விக்கு, முதலில் அந்த ஒன்று முதல் இருபதை எண்ணிவிட்டு எழுதுங்கள்.