திரைக் கேள்விகள்

பராசக்தியில் குணசேகரன் வேடத்துக்குப் பேர் பெற்ற நடிகரை விட்டுவிட்டுப் புதுமுகத்தைப் போட்டது ஏன்?
– வாசகர், யாங்கூன்

ஏவி.மெய்யப்பன் மனத்தில் இருந்தவர் கே.ஆர்.ராமசாமிதான். கூட்டுத் தயாரிப்பாளர் பி.ஏ.பெருமாள் மேடையிலிருந்து சிவாஜி கணேசனைக் கொண்டுவந்து, எதிர்ப்பு வந்தபோதும் விட்டுக்கொடுக்காமல் நின்றார். படம் 1952 தீபாவளிக்கு வந்தது.

அந்தப் பிடிவாதம் சரியென்பதற்கு வசனமே சாட்சி. 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். மூன்று நிமிட வசனத்தின் கடைசி வரியில் நாக்குப் பிறழ்ந்தால் 270 அடி வீண். கருணாநிதியின் அடுக்குத் தொடர்களை மறக்காமல், குரல் ஏறும்போதும் சொல் சிதையாமல் பேச மேடையில் பழகிய ஆள்தான் வேண்டும்.

பர்மாவில் இருக்கும் நம்மவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கதையில் அண்ணன் தம்பி மூவரும் ரங்கூன்வாசிகள். போர்க்காலத்தில் கப்பலுக்கு ஒரே டிக்கெட் கிடைக்க, கடைசித் தம்பி குணசேகரன் மட்டும் தங்கை கல்யாணத்துக்கு மதுரைக்குக் கிளம்புகிறான். மற்றவர்கள் அகதிகளாகிச் சிதறுகிறார்கள். எஸ்.வி.சகஸ்ரநாமம், எஸ்.எஸ்.ராஜேந்திரன், கணேசன் மூவருக்கும் முகச்சாயல் கிடையாது. ஆனால் மூவரும் நாடகத்தில் வளர்ந்தவர்கள், உச்சரிப்பு ஒன்று. ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று நம்ப அதுவே போதும். இயக்குநர்கள் கிருஷ்ணன் – பஞ்சு இதற்குப் பாராட்டு வாங்கியதே இல்லை, வாங்கியிருக்க வேண்டும்.

தில்லானா மோகனாம்பாளில் நாதஸ்வரம் வாசிப்பது சிவாஜியேதானா?
– வாசகி, பெகு

இல்லை. வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என்.சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள். இயக்கம் ஏ.பி.நாகராஜன், ஆண்டு 1968. நாதஸ்வரத்தில் விரல் வைக்கும் துளை ஏழு. கீழே இருக்கும் மற்றத் துளைகள் சுருதி சேர்க்க. போலி வாசிப்பில் விரல் மட்டும் ஆடும், கன்னம் சும்மா இருக்கும். ‘நகுமோமு’ வரும் இடத்தில் சிவாஜியின் கழுத்து நரம்பையும் கன்னத்தையும் பாருங்கள். பக்கத்தில் ஏ.வி.எம்.ராஜன், தவிலில் டி.எஸ்.பாலையா. மூவரில் யாராவது ஒருவர் ஒப்புக்குச் செய்திருந்தாலும் கச்சேரி பொய்யாகியிருக்கும்.

கோயில் மண்டபத்தில் பழைய படம் போட்டால் எல்லாரும் குண்டாகத் தெரிகிறார்கள். சத்தமும் புரிவதில்லை.
– விழாக் குழுவினர், தட்டோன்

தமிழில் முதல் சினிமாஸ்கோப், அதாவது அகலத்திரைப் படம், 1973இல் வந்த ராஜராஜ சோழன். அதற்கு முந்திய படங்களின் சட்டம் (பிரேம்) அகலத்துக்கு உயரம் ஏறக்குறைய 4:3. அதை 16:9 திரைக்கு இழுத்தால் ஆள் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடுவார். புரொஜக்டர், பிளேயர் இரண்டிலும் 4:3 வையுங்கள். ஒன்றில் மட்டும் மாற்றினால் மற்றது திரும்ப இழுத்துவிடும், பெரும்பாலும் தவறு இங்கேதான். கார் சக்கரம் வரும் காட்சியில் நிறுத்தி, குறுக்கும் நெடுக்கும் அளந்து, இரண்டும் ஒன்றா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ‘ஜூம்’ வேண்டவே வேண்டாம்; உயரத்தில் கால் பங்கு வெட்டுப்பட்டு, நாட்டியத்தில் பாதம் போய்விடும்.

பாட்டுச் சுருதி சற்று ஏறிக் கேட்டால், அந்தப் பிரதி விநாடிக்கு 24 சட்டத்துக்குப் பதில் 25 ஓடுகிறது என்று சந்தேகப்படலாம். மூன்று மணி நேரப் படம் ஏழு நிமிடம் முன்னதாகவே முடியும். வேறு பிரதி தேடுவதே வழி.

சத்தத்துக்கு, மண்டபத்தின் நாலு மூலையிலும் ஸ்பீக்கர் வைக்காதீர்கள், எதிரொலியில் வசனம் குழம்பும். திரைக்கு அடியில் ஒன்று போதும். ‘பாஸ்’ எனும் கனத்த கீழ் ஒலியைக் குறையுங்கள்.

நாடோடி மன்னன் பாதியில் கலராகிறது. டிஸ்க் கோளாறா?
– வாசகர், மோல்மேன்

கோளாறில்லை. எம்.ஜி.ஆர். முதன்முதலாக இயக்கிய அந்த 1958ஆம் ஆண்டுப் படத்தில் சரோஜாதேவி வரும் பிற்பகுதி கேவா கலர் எனும் வண்ணப் பிலிமில் எடுத்தது; முன்பகுதி கறுப்பு வெள்ளை. முன்பகுதியில் நீலச்சாயம் தட்டுகிறதென்று டி.வி.யில் கலரைப் பூஜ்யத்துக்கு இறக்கியிருந்தால், அவர் வருவதற்குள் மறுபடி ஏற்றிவிடுங்கள்.