249 கிராம் ட்ரோனுக்கும் பதிவு வேண்டுமா?

கேள்வி: கனடாவில் இருக்கிற அண்ணா தைப்பொங்கலுக்கு வரும்போது 249 கிராம் ட்ரோன் ஒன்று கொண்டுவாறாராம். 250 கிராமுக்குக் குறைந்தால் பதியத் தேவையில்லை என்கிறார். சரியா?
– வாசகர், கொக்குவில்

பதில்: கனடாவுக்குச் சரி. இலங்கையில் அந்த எல்லை 200 கிராம். சிவில் விமான சேவைகள் அதிகார சபை 200 கிராம் முதல் 1 கிலோ வரையானவற்றை ஒரு பிரிவாகவும், 1 முதல் 25 கிலோ வரையானவற்றை இன்னொன்றாகவும் வைத்திருக்கிறது. உங்கள் அண்ணாவுடையது முதற்பிரிவில் விழும், பதிய வேண்டும். எடையைப் பார்க்கும்போது பற்றரி, மெமரி கார்ட், விசிறிக் காப்பு எல்லாவற்றையும் பூட்டிய பிறகு தராசில் வையுங்கள்.

பதிவை விட முந்தியது இறக்குமதி அனுமதி. பலரும் சிக்குப்படுவது இங்கேதான். பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். ரிமோட் வானொலி அலையில் இயங்குவதால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதியும் வேண்டும். இரண்டையும் அண்ணா விமானம் ஏறமுன் எடுத்துவிடுங்கள். கடிதம் இல்லாமல் வந்தால் சுங்கத்தில் பொருள் நின்றுவிடும். மாதிரிப் பெயர், தொடர் இலக்கம், எடை மூன்றும் பெட்டியிலேயே இருக்கும். படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மேலதிகப் பற்றரிகள் கைப்பையில்தான் வர வேண்டும். 7.7 வோல்ட், 2250 மில்லி அம்பியர் மணி என்றால் ஏறக்குறைய 17 வாட் மணி. விமானங்களில் வழக்கமான எல்லை 100, பயமில்லை.

கேள்வி: வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழாவை மேலிருந்து எடுக்கலாமா?
– வாசகி, பருத்தித்துறை

பதில்: பதிவு இருந்தாலும் சனத்தின் தலைக்கு மேல் பறக்கவிடக் கூடாது. இதில் நாங்கள் கண்டிப்பாகவே சொல்கிறோம். பட்ட நூல் கமராவுக்கும் தெரியாது, சென்சருக்கும் தெரியாது. விசிறியில் ஒரு சுற்று சுற்றினால் அந்த மோட்டார் நின்றுவிடும். நாலு விசிறி ட்ரோனில் ஒன்று நின்றால் மற்ற மூன்றும் அதைத் தாங்காது, கல்லுப்போல விழும். கீழே குழந்தைகள் நிற்பார்கள்.

ஏற்பாட்டாளரிடமும் பொலிஸிடமும் முன்கூட்டியே கேட்டு, அவர்கள் சம்மதித்தால் கடல் பக்கம் நின்று, ட்ரோனைக் கடலுக்கு மேலேயே பறக்கவிடுங்கள். தை மாதம் வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து வரும். பட்டங்கள் ஊர்ப்பக்கம் சாயும், காற்று வரும் பக்கத்தில் நூல் இராது. திரும்பும்போதும் காற்று பின்னாலிருந்து தள்ளும், பற்றரி மிஞ்சும்.

கேள்வி: எங்கள் வளவில் பறக்கவிட்ட ட்ரோன் தானாக வீடு திரும்பும்போது பனையில் மோதிவிட்டது. ஏன்?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: திரும்பும் உயரம், அதாவது தானாகத் திரும்பும்போது பறக்க நீங்கள் ட்ரோனில் வைத்த உயரம், குறைவாக இருந்திருக்கும். பனை 30 மீற்றர் வரை வளரும். பலர் 20 மீற்றரில் வைத்துவிடுகிறார்கள். அந்த உயரம் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. மொட்டை மாடியிலிருந்து ஏற்றினால் மாடியின் உயரமும் சேரும், முற்றத்திலிருந்து என்றால் சேராது. பக்கத்து மரத்தை விட 10 மீற்றர் கூட்டி, அனுமதித்த உயரத்துக்குள் வையுங்கள். பலாலி விமான நிலையப் பக்கமோ, இராணுவ முகாம்களுக்குக் கிட்டவோ என்றால் பறப்புக்குத் தனி அனுமதி இல்லாமல் ஏற்றவே வேண்டாம். யாழ் கோட்டைக்குத் தொல்பொருள் திணைக்களத்திடமும், நெடுந்தீவு, சுண்டிக்குளம் தேசியப் பூங்காக்களுக்கு வனஜீவராசிகள் திணைக்களத்திடமும் கேட்க வேண்டும்.