ஷெட்டில் நிற்கும் ஹெரால்டு

கேள்வி: குன்னூர் எஸ்டேட் ஷெட்டில் 20 வருடமாக நிற்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் விலைக்கு வருகிறது. வாங்கிச் சரிசெய்யலாமா? பெயின்ட் பளபளவென்று இருக்கிறது.
- வாசகர், கோத்தகிரி

பதில்: பெயின்ட்டை விடுங்கள் தம்பி, தரையில் படுத்து அடியைப் பாருங்கள். சென்னையில் தயாரான இந்தக் காருக்குச் சேஸிஸ் என்ற அடிச்சட்டம் தனி, பாடி தனி. நம் மலை ஈரம் சேஸிஸிலிருந்து இருபுறமும் நீளும் இரும்புக் கைகளைத் தின்றுவிடும். ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்துங்கள். ‘டங்’கென்றால் சரி. பொலபொலவென்று செம்பழுப்பாக உதிர்ந்தால் செலவு கூரையைத் தொடும்.

அப்புறம், யார் சொன்னாலும் உடனே செல்ஃப் அடிக்காதீர்கள். நான் ஒருமுறை அவசரப்பட்டு பிஸ்டன் ரிங்கை உடைத்தேன், இன்னும் வலிக்கிறது. பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களில் கொஞ்சம் ஆயில் விட்டு, ஓர் இரவு ஊறவைத்து, என்ஜினைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண் வண்டியோடு ஒத்துப்போகாவிட்டால் வாங்கவே வேண்டாம்.